முத்திருளாண்டி வண்டியின் கயிறு

செப்டம்பர் 4, புதன்

இது உரக்கடையில் கொடுத்த டைரி. முன்பக்கங்கள் எல்லாம் காலியாகவே போய்விட்டன. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சன்னாசி என்று கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. எங்கே போனாலும் பெருவிரல்தான். நான் சொல்ல எழுதுகிறவர் எதிர்வீட்டு இன்னாசிமுத்து. போலீஸ் ஸ்டேஷனில் முப்பது வருடம் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் பேசுகிற மாதிரியே எழுதும் என்றால் கேட்பதில்லை, எல்லாவற்றையும் புத்தகத் தமிழாக்கிவிடுகிறார். "வாய்ல வர்றது வேற, பேப்பர்ல ஏறுறது வேற சன்னாசியண்ணே" என்கிறார். அதுவும் சரிதான்.

திங்கட்கிழமை தேனியில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் ஆயிற்று. இடது கண் வெல்டிங் வெளிச்சத்தில் எப்போதோ போய்விட்டது. நாற்பது நாள் குனியக் கூடாது, நெருப்புப் பக்கம் போகக் கூடாது, சொட்டு மருந்து நாலு வேளை. சும்மா கிடந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று ரைட்டர்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தார்.

வீட்டுக்கு முன்னால் எங்கள் பட்டறை, இப்போது மகன் தவசி பார்க்கிறான். பட்டறைக்கு முன்னால் ஜீப் ஸ்டாண்டு. மலை மெட்டு தாண்டி கேரளா ஏலத்தோட்டங்களுக்குப் போகிற பெண்கள் காலை ஐந்து மணிக்கு இங்கேதான் வண்டி ஏறுவார்கள். கண் கட்டியிருந்தாலும் எது யாருடைய வண்டி என்று எனக்குச் சத்தத்தில் தெரிந்துவிடும்.

செப்டம்பர் 5, வியாழன்

காலையில் வழக்கம்போல, தோட்ட வேலைக்குப் போகிற மாயக்காவின் குரல். "ஏத்தா சுருளி, ஊது பாப்போம்."

சுருளி ஊதினாள். எல்லோரும் சிரித்தார்கள். அதற்கப்புறம்தான் ஏறினார்கள்.

சுருளியம்மாளுக்கு முப்பத்திரண்டு வயது. ஸ்டாண்டில் அவள் ஒருத்திதான் பெண் டிரைவர். அவளுடைய அப்பா முத்திருளாண்டி பதினேழு வருடத்துக்கு முன்பு ஜீப்போடு மலைப் பள்ளத்தில் விழுந்து செத்தான். கூட மூன்று பெண்கள் செத்தார்கள். அதில் ஒருத்தி மாயக்காவின் அக்கா. குடித்துவிட்டு ஓட்டினான் என்று ஊரில் பேச்சு. ஏழு வருடம் முன்பு மகள் வண்டி எடுத்தபோது இந்தப் பெண்கள் கோபத்தோடுதான் ஊதச் சொன்னார்கள். இப்போது விளையாட்டாகச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு நாளும் விட்டதில்லை.

மருந்து நாலு வேளையும் போட்டாயிற்று.

செப்டம்பர் 8, ஞாயிறு

சுருளி வந்தாள். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருந்தாள்.

"பெரியப்பா, கண்ணு எப்படி இருக்கு?"

"கட்டுக்குள்ள பச்சையா ஒரு வெளிச்சம் தெரியுதுத்தா. ஒன்னத் தெரியல."

"நான் ஒண்ணும் மாறல. கருப்பாத்தான் இருக்கேன்." சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள். அவளுடையது சின்ன வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும். எட்டுப் பேர் உட்காரலாம். தோட்டத்தில் புதுசாக வந்திருக்கிற சூப்பர்வைசர், ஆயுத பூஜையிலிருந்து ஒரு நடைக்குப் பதினாலு பேர் வந்தாக வேண்டும், முடியாவிட்டால் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாராம்.

"அடிச்சட்டம் இருக்குல்ல, அந்த சேஸ வெட்டி ஒன்றரை அடி நீட்டணும். பின்னாடி ஆக்சில எடுத்துட்டு லோடு வண்டி ஆக்சில் போடணும். நம்ம ஸ்டாண்டுல நீட்டுன வண்டி அம்புட்டும் நீங்க நீட்டுனதுதான. தவசியண்ணே வேலையச் செய்யட்டும், நீங்க பக்கத்துல இருந்து சொல்லுங்க."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

செப்டம்பர் 11, புதன்

கட்டு பிரித்துவிட்டார்கள். கருப்புக் கண்ணாடி போட்டிருக்கிறேன்.

சுருளி பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு ஆக்சிலை வாங்கி, தள்ளுவண்டியில் வைத்துக் கொண்டுவந்துவிட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து தவசியிடம் சொன்னேன். முதலில் அவள் வண்டியில் சோதித்தோம். பின்சக்கரங்களைத் தூக்கி நிறுத்தி, டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, பின் அச்சைச் சுற்றிவிடுகிற நடுத்தண்டில் ஒரு கோடு. சக்கரம் ஒரு சுற்று வருவதற்குள் தண்டு எத்தனை சுற்று வருகிறது என்று எண்ண வேண்டும். நாலு சுற்று, அதற்கு மேல் ஒரு துளி. அப்புறம் லோடு வண்டி ஆக்சிலைக் கட்டையில் ஏற்றி அதையும் சுற்றினோம். ஐந்துக்குக் கொஞ்சம் குறைவு.

"பாத்தியாத்தா? முன்னாடி ஒரு கணக்கு, பின்னாடி ஒரு கணக்கு. நாலு வீலும் ஒண்ணா இழுக்கும்போது நடுவுல இருக்க கியர் பெட்டி என்ன பண்ணும்? ரெண்டு மாடு ரெண்டு வேகத்துல நடந்தா நுகத்தடி என்னாகும்?"

"அப்ப முன்னாடி இழுவையக் கழட்டி விட்ருவோம்."

"மழையில தோட்டத்து மண் ரோட்டுக்கு எப்படி ஏறுவ? அதுக்குத்தான இந்த வண்டிய வாங்கின? பிரேக்கும் எட்டுப் பேருக்குப் போட்டது. இறக்கத்துல பதினாலு பேரப் பிடிச்சு நிறுத்தணும்."

அவள் சுவரில் தொங்குகிற கயிறுகளைப் பார்த்தபடி இருந்தாள் என்று தவசி பிறகு சொன்னான். எழுத்துத் தெரியாதவனுக்குக் கயிறுதான் நோட்டு. நான் நீட்டிய வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு சணல் கயிறு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் உள்ள தூரம் ஒரு முடிச்சு. மூலைக்கு மூலை குறுக்களவு ஒரு முடிச்சு. பெரிய முடிச்சுகள் இரண்டு, வெட்டிய இடங்களுக்கு. இடது பக்கம் ஓர் இடத்தில் வெட்டினால் வலது பக்கம் ஒரு சாண் தள்ளி வெட்ட வேண்டும். அதையும் சாய்வாக வெட்ட வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் நேராக வெட்டி, மேலே இரும்புப் பட்டை வைத்து ஒட்டினால் வண்டி ஒரு நாள் அந்த இடத்தில்தான் மடங்கும்.

இதையெல்லாம் அவளுக்குச் சொன்னேன். அவள் எழுந்து போய் ஒவ்வொரு கயிறாகத் தடவிப் பார்த்தாள். மொத்தம் முப்பத்தொன்று.

"எங்கப்பா வண்டிக் கயிறு எது பெரியப்பா?"

"அத எலி கடிச்சிருச்சுத்தா."

செப்டம்பர் 12, வியாழன்

மழை. மருந்து மூன்று வேளைதான் போட்டேன், ஒன்று மறந்துவிட்டது. எனக்கு எதுவும் மறப்பதில்லை என்று தவசி எல்லோரிடமும் சொல்வான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

ரைட்டர் கேட்டார் என்பதற்காக அந்த விபத்தைச் சொல்கிறேன். தீபாவளிக்கு ஒன்பது நாள் முன்பு, செவ்வாய்க்கிழமை. விடியும்போது தூறல். தகவல் வந்ததும் முதலில் பள்ளத்தில் இறங்கியவன் நான். வண்டி தலைகீழாகக் கிடந்தது. நீலத் தூக்குவாளி ஒன்று மரக்கிளையில் மாட்டி ஆடிக்கொண்டிருந்தது, மூடி திறக்கவில்லை. ஒரு செருப்பு, இடது கால், பச்சை வார். முத்திருளாண்டி ஸ்டீயரிங்கை விடவே இல்லை. சேஸ் நடுவில் ஒடிந்திருந்தது. அத்தனை உயரத்திலிருந்து விழுந்தால் எந்த வண்டியும் ஒடியும்.

ஒடியும் என்று எழுதும் என்றேன். எழுதிவிட்டேன் என்றார்.

செப்டம்பர் 18, புதன்

சுருளி மறுபடி வந்தாள். வேண்டாம் என்று சொன்னேன். எட்டுப் பேர் வண்டி எட்டுப் பேருக்குத்தான் என்றேன்.

"மத்தவுகளுக்கெல்லாம் செஞ்சீகளே?"

"அது பெரிய வண்டி."

"எங்கப்பா வண்டி?"

"அதுவும்தான்."

"பின்ன என் வண்டிக்கு மட்டும் என்ன? பைபாஸ் பட்டறையில மூணு நாள்ல முடிச்சுத் தாரேங்குறாங்க. ஆக்சில் பழசே இருக்கட்டும், சேஸ மட்டும் நீட்டுவோம்னு சொல்லிட்டாங்க."

"அவங்க நேரா வெட்டுவாங்கத்தா. ரெண்டு பக்கமும் ஒரே எடத்துல வெட்டுவாங்க."

"அப்ப நீங்க சாய்ச்சு வெட்டுங்க! அதையும் செய்ய மாட்டேங்குறீக, அவங்கள்ட்டயும் போகக் கூடாதுங்குறீக. காரணத்தச் சொல்லுங்க பெரியப்பா."

என் கண்ணில் தண்ணீர் வந்தது. மருந்துதான். அவள் போய்விட்டாள்.

நாமே ஒழுங்காகச் செய்து கொடுத்துவிடலாமே என்று தவசி கேட்டான். செய்யலாம். சாய்த்து வெட்டி, உள்ளே ஒரு சட்டம் சொருகி, மேலே பட்டையை மீன் மாதிரி கூராக வெட்டி வைத்தால் அந்த இடம் ஒடியாது. ஆனால் அந்தச் சின்ன வண்டியில் பிரேக்கும் அச்சும் ஸ்பிரிங்கும் எட்டுப் பேருக்கு மேல் தாங்காது. ஒரு பக்கத்தை நான் பலப்படுத்தினால் இன்னொரு பக்கம் போகும். நாலு நாளாக எப்படிக் கூட்டிப் பார்த்தாலும் கணக்கு அங்கேதான் வந்து நிற்கிறது.

செப்டம்பர் 22, ஞாயிறு

முத்திருளாண்டி விழுவதற்குப் பதினைந்து நாள் முன்பு ஒரு நாள் மத்தியானம் என்னிடம் வந்தான். காக்கிச் சட்டை, மேல் பொத்தான் அறுந்திருந்தது.

"அண்ணே, பள்ளத்துல எறங்கும்போது டிக்குனு ஒரு சத்தம் கேக்குது."

நான் வண்டிக்கு அடியில் படுத்துச் சுத்தியலால் தட்டினேன். நல்ல இரும்பு மணி மாதிரி பேசும். கீறல் விட்ட இரும்பு வாயடைத்துப் போகும். தட்டிக்கொண்டே வந்தேன்.

இதற்கு மேல் அன்றைக்கு ரைட்டர் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு, காபி குடிக்கலாம் என்றார்.

செப்டம்பர் 27, வெள்ளி

சுருளியின் வண்டி பைபாஸ் பட்டறையிலிருந்து நீண்டு வந்துவிட்டது. ஸ்டாண்டில் ஒரே கும்மாளம். பதினாலு பேரும் உட்கார்ந்து பார்த்தார்கள். "கல்யாண வேன் மாதிரி இருக்குடி" என்று மாயக்கா சொன்னது இங்கே கேட்டது. கருப்புப் பெயிண்ட் வாடை வீட்டுக்குள் வரை வந்தது. புதுப் பெயிண்ட் அடித்தால் உள்ளே இருப்பது தெரியாது.

அக்டோபர் 2, புதன்

காலையில் வண்டி ஆட்களோடு ஸ்டாண்டை விட்டு வெளியேறும்போது சாக்கடைப் பள்ளத்தில் இறங்கி ஏறிற்று. டிக்.

ஸ்பிரிங் பட்டைச் சத்தமாக இருக்கும்.

அக்டோபர் 3, வியாழன்

டிக். மருந்து நாலு வேளை.

அக்டோபர் 4, வெள்ளி

இன்றும் கேட்டது. சாயங்காலம் அவர்கள் திரும்பி வரும் வரை நான் வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொருவராக இறங்குகிற காலடியை எண்ணினேன். பதினாலு, அவளோடு பதினைந்து. சாப்பாடு இறங்கவில்லை. சாம்பாரில் உப்பு இல்லையா என்று மருமகள் கேட்டாள். இருந்தது.

அக்டோபர் 5, சனி

ஐந்து மணிக்குச் சுத்தியலை எடுத்துக்கொண்டு ஸ்டாண்டுக்குப் போனேன். பெண்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் குனிந்தேன். குனியக் கூடாதுதான். முன்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து தட்டிக்கொண்டே வந்தேன். ணங். ணங். ணங்.

மாயக்கா தலையை வெளியே நீட்டினாள். "என்ன மாமா, தெனம் அவ வாயத்தான் சோதிப்போம், நீங்க வண்டியச் சோதிக்கிறீக?"

எல்லோரும் சிரித்தார்கள். ணங். அடுத்தது ஒட்டு வைத்த பட்டையின் ஓரம். அது பேசவில்லை. மண்ணில் தட்டிய மாதிரி இருந்தது. வலது பக்கம் போய்த் தட்டினேன். அங்கேயும் அதே இடத்தில் அதே ஊமைச் சத்தம்.

"எறங்குங்க எல்லாரும்."

"நேரமாச்சு பெரியப்பா" என்றாள் சுருளி. "சாக்கடையில எறங்கையில லேசா சத்தம் வருது, எனக்கும் தெரியும். பைபாஸ்ல கேட்டேன். ஸ்பிரிங் பட்டைச் சத்தமாம்."

"நானும் ஒங்கப்பன்ட்ட அதத்தான் சொன்னேன்."

அவளுக்குப் புரியவில்லை. அவள் எஞ்சினை நிறுத்தினாள். அந்த அமைதியில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஏலக்காய் சீசன் ஆரம்பம், அவனுக்கும் அவசரம், எனக்கும் வரிசையாக வேலை என்று முத்திருளாண்டி வண்டியை இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் நேராக வெட்டிப் பட்டை வைத்தேன். சத்தம் வருகிறது என்று அவன் வந்தபோது தட்டினேன், ஊமையாக இருந்தது, கீறல் என்று தெரிந்துவிட்டது. மொத்தமும் பிரித்துச் செய்தால் பத்து நாளாகும், நான் கெட்ட வேலை செய்தேன் என்பதும் ஸ்டாண்டுக்கே தெரிந்துவிடும். கீறல் மேலேயே ஒரு கோடு வெல்டிங் இழுத்து, கருப்பு அடித்து, ஸ்பிரிங் பட்டைச் சத்தம்தான் தம்பி, ஓட்டு என்று அனுப்பினேன். பள்ளத்தில் இறங்கிப் பார்த்தபோது ஒடிந்த முகத்தில் பாதி துருப்பிடித்துப் பழசாக இருந்தது. விழுந்ததால் ஒடியவில்லை, ஒடிந்ததால் விழுந்தது.

"அவன் வாய்ல சாராய வாடை அடிச்சுதுன்னு ஸ்டேஷன்ல சொன்னதும் நான்தான். அடிக்கல. டீசல் வாடைதான் அடிச்சது."

 மாயக்காதான் முதலில் இறங்கினாள். என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. சுருளிக்கு முன்னால் போய் நின்றாள்.

"ஏழு வருசமா ஒன்ன ஊதச் சொல்லிருக்கேன்டி" என்றாள். அப்புறம் தலையில் அடித்துக்கொண்டு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சுருளி அழவில்லை. வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் வீட்டுக்கு நடந்து வந்தேன். யாரும் தடுக்கவில்லை.

அக்டோபர் 6, ஞாயிறு

தோட்டத்து நடையை வேறு வண்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். தவசி என்னோடு பேசவில்லை. மருந்தைக் கொண்டுவந்து வைத்தான்.

அக்டோபர் 7, திங்கள்

ரைட்டர் வந்தார். மேலே உள்ள வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளையும் அவர் இன்றுதான் எழுதினார். எழுதும்போது இரண்டு இடத்தில் நிறுத்தினார். சாராய வாடை என்று அன்றைக்கு என் வாக்குமூலத்தை எழுதியவரும் அவர்தான். அன்றைக்கும் வாசித்துக் காட்டினார், பெருவிரல் வைத்தேன்.

"நானும் பொணத்துக்குப் பக்கத்துல நின்னேன் சன்னாசியண்ணே. எனக்கும் வாடை வரல. நீர் சொன்னீரு, எழுதினேன். கேஸ் அன்னைக்கே முடிஞ்சுது."

இத்தனை நாள் இதை ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை. வேறு ஒரு தாளில் நடந்ததை நடந்தபடி எழுதி, பெருவிரல் வைத்து, இருவரும் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே இருந்த இளம் அதிகாரி இரண்டு முறை படித்தார். "இத்தனை வருசம் கழிச்சு என்ன பெரியவரே" என்றார். தாளை வாங்கி வைத்துக்கொண்டார். கூப்பிடுவார்களாம். கூப்பிடட்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. தவசி கருவிகளைக் கழுவிச் சந்தனம் வைத்தான். எப்போதும் ஸ்டாண்டு வண்டி எல்லாம் எங்கள் பட்டறை வாசலுக்கு வந்து பொட்டு வைத்துக்கொண்டு போகும். இந்த முறை ஒன்றும் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குச் சுருளி வந்தாள். வண்டியை இன்னொரு ஜீப்பில் கட்டி மெதுவாக இழுத்து வந்திருந்தாள். தவசியைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அண்ணே, பழைய அளவுக்கே சுருக்கிக் குடுங்க. எட்டுப் பேருக்கு. நீங்க வெட்டுங்க. அவுக கை வைக்க வேண்டாம். ஒக்காந்து பாக்கட்டும்."

அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "எலி கடிச்ச கயிறு எங்க?"

இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அவள் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை விரலால் தடவினாள். நான் கற்றுக் கொடுத்ததுதான். அச்சு முடிச்சில் நின்றாள். குறுக்களவில் நின்றாள். பெரிய முடிச்சில் நின்றாள். இரண்டாவது பெரிய முடிச்சைத் தேடி முனை வரை போனாள். திரும்ப வந்து இன்னொரு முறை தேடினாள். இல்லை.

கயிற்றைச் சுருட்டவில்லை. மற்ற முப்பத்தொன்றோடு ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

ஒன்பது நாள் வேலை. நல்ல சட்டம் சொருகி, சாய்வாக வெட்டி, இடதுக்கும் வலதுக்கும் ஒரு சாண் தள்ளித் தவசி இணைத்தான். நான் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரே ஒரு வார்த்தை சொன்னேன், அதையும் அவன் கேட்டுக்கொண்டான்.

சின்னத் தோட்டம் ஒன்றில் எட்டு ஆட்களுக்கு நடை கிடைத்திருக்கிறதாம். மாயக்கா பெரிய தோட்டத்தை விட்டுவிட்டு இவளோடு வருகிறாள்.

அக்டோபர் 21, திங்கள்

காலை ஐந்து மணிக்குச் சுருளி வாசலில் வந்து நின்றாள். "சுத்தியல எடுத்துட்டு வாங்க" என்றாள். பெரியப்பா என்று சொல்லவில்லை.

எட்டுப் பெண்களும் வண்டிக்கு வெளியே நின்றிருந்தார்கள். நான் குனிந்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தட்டினேன். இரண்டு பக்கமும் தட்டினேன். கடைசி வரை மணி மாதிரி பேசிற்று.

"நல்லா இருக்குத்தா. போகலாம்."

அவள் நகரவில்லை. கிட்டே வந்தாள். என் முகத்துக்கு நேராக அவள் முகம் இருந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் அவளை இப்போதுதான் இத்தனை பக்கத்தில் பார்க்கிறேன். அப்பன் ஜாடை.

"ஊதுங்க."

ஊதினேன்.

யாரும் சிரிக்கவில்லை.  அவள் பெண்களைப் பார்த்துத் தலையசைத்தாள். ஒவ்வொருவராக ஏறினார்கள். வண்டி சாக்கடைப் பள்ளத்தில் இறங்கி ஏறிற்று. காது கொடுத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை.

நாளைக்கும் ஐந்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறாள்.